கூறு எண் ஏழு

செல்லூரில் என் வீட்டுக்காரர் சோணை அண்ணனின் தகப்பனாரை ஒரு நாள் காலையில் நான் கொன்றுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரே எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார் என்பது வேறு விஷயம். அதற்குள் அவருக்கு மாலை வந்துவிட்டது.

அவர் வீட்டு முன்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். எதிரிலும் பக்கத்திலும் பவர்லூம். பகலெல்லாம் தறிச் சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்காது. அதனால் உலகத்துக்குப் பெரிய நஷ்டமில்லை. ஆனால் என்னுடையது கேட்டு எழுதுகிற ஆராய்ச்சி. மதுரைக்கு மேற்கே இழவு வீடு இழவு வீடாகப் போய்ப் பதிவு செய்த ஒப்பாரிகளை, பல்கலைக்கழகத் தமிழ்த்துறையின் டேப் ரெக்கார்டரில் போட்டு வரி வரியாக எழுத வேண்டும். தறிச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமே என்று ஒலியைக் கடைசி வரை திருகி வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. தெருவிலுள்ள தறிகளெல்லாம் ஒன்றாக வாயை மூடின. டேப் ரெக்கார்டர் மூடவில்லை. அது பேட்டரியில் ஓடுவது.

வேறு எவனாக இருந்தாலும் உடனே சத்தத்தைக் குறைத்திருப்பான். நான் ஆராய்ச்சி மாணவன். அடடா, இப்போதுதான் சொல்லெல்லாம் சுத்தமாகக் கேட்கிறது என்று கண்ணை மூடி அனுபவித்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில், பாடுகிறவளோடு சேர்ந்து இன்னும் நாலைந்து பெண்கள் அழுவது கேட்டது. பதிவு செய்த அன்று இவர்களைக் கவனிக்கவில்லையே என்று ‘பின்பாட்டு உண்டு’ எனத் தாளில் குறித்துக்கொண்டேன். அந்தப் பெண்கள் டேப்பில் இல்லை. சோணை அண்ணன் வீட்டு வாசலில் இருந்தார்கள்.

அண்ணனின் தகப்பனார் தை மாதத்திலிருந்து படுத்த படுக்கை. இன்றைக்கோ நாளைக்கோ என்று தெருவே காத்திருந்தது. அந்த வீட்டிலிருந்து ஒப்பாரி கேட்டால் தெரு வேறென்ன நினைக்கும்? நூல் வாங்கச் சிம்மக்கல் போயிருந்த அண்ணனைக் கூட்டிவர ஒருவர் சைக்கிளில் பறந்தார். எதிர்வீட்டுக்காரர் ரோசாப்பூ மாலையோடு வந்துவிட்டார். பெண்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி பெரியவரின் காலைக் கட்டிக்கொண்டு அழ, அவர் கண்ணைத் திறந்து, போய்விட்டது யார் என்று கேட்டார்.

அப்புறம் நடந்த ஏச்சுப்பேச்சுகளை விட்டுவிடலாம். எனக்கு அதில் பாதிக்கு அர்த்தம் தெரியாது, தமிழ் எம்.ஏ.வாக இருந்தும். மாலைதான் பிரச்சினையாகிவிட்டது. இழவுக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. காப்பி குடித்துக்கொண்டிருக்கிறவர் கழுத்திலும் போட முடியாது. எதிர்வீட்டுக்காரர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு, சுவாமி ஊர்வலத்துக்குக் காத்திருப்பவரைப்போல நடுவாசலில் நின்றார். வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்த சோணை அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். மாலையை வாங்கினார். நேரே என் அறைக்கு வந்து டேப் ரெக்கார்டருக்குப் போட்டார்.

“அழுதது இதுதான, இதுக்கே கெடக்கட்டும்,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, நீ இருக்கலாம். இந்தப் பொட்டி இனிமே இந்த வீட்டுல அழுகக் கூடாது.”

சரி அண்ணே என்றேன். அவரிடம் ஒன்றைச் சொல்லவில்லை. பொட்டியில் அழுதது என் அம்மா. அவள் அழுதது என் அய்யாவுக்காக.

அதற்கு இரண்டு வருஷம் முந்தி ஐப்பசியில் அய்யா இறந்தபோது, நான் பக்கத்து ஊர் இழவு வீடு ஒன்றில் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஆள் வந்து சொன்னதும் பையோடு ஓடினேன். செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் ஊர். வாசலில் ஆண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே அய்யாவின் தலைமாட்டில் அம்மா ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். சுவரோரமாக உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாத கை பையைத் துழாவிப் பொத்தானை அமுக்கிவிட்டது. அய்யாவின் சாவு வீட்டில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று சித்தப்பா பிற்பாடு சொன்னார். அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

அந்தக் கேசட்டில் இந்த வரிகள் இருக்கின்றன:

பட்டம் வாங்கும் மகனிருக்கப்
பாதியில போனீகளே
பந்தலிட்டு மாலை போடும்
பகலு வரும் முன்னால
பாக்காமப் போனீகளே

இதில் மாட்டிக்கொண்டுதான் நான் அசைய முடியாமல் கிடந்தேன்.

எப்படி மாட்டினேன் என்று சொல்ல, பேராசிரியர் சுப்பராமனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என் நெறியாளர். தங்கமான மனிதர். நான் சேர்ந்தபோது என் தலைப்பு ‘ஒப்பாரியில் உவமைகள்’. உவமைகளை எண்ணி முடித்தால் டாக்டர் பட்டம். நிம்மதியாக எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு கோடை விடுமுறையில் அவர் மைசூரில் நடந்த பயிலரங்குக்குப் போனார். போகும்போது தமிழாசிரியராகப் போனவர் வரும்போது அமைப்பியல்வாதியாக வந்தார். அன்றோடு உவமைகள் ஒழிந்தன. ஆசிரியர் இறந்துவிட்டார் என்றார். எந்த ஆசிரியர் சார், ஆஸ்பத்திரிக்குப் போகணுமா என்று கேட்டு, என் படிப்பின் தரத்தை அவருக்குக் காட்டினேன். எழுதியவர், பாடியவர் யாரும் பிரதியில் கிடையாது. இருப்பது அமைப்பு மட்டும் என்று பொறுமையாக விளக்கினார். ஆகவே பாடிய பெண்களின் பேர்களை அடித்துவிடச் சொன்னார். செத்தவர்களின் பேர்களையும். சோலையம்மாளும் பாண்டியம்மாளும் போய் ப-1, ப-2 ஆனார்கள்.

கேலி செய்கிறேனே தவிர, எனக்கு அது பிடித்திருந்தது. பாடல்களைக் கூறு கூறாகப் பிரித்து அடுக்கியபோது, எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஒரே வரிசையில்தான் அழுகிறார்கள் என்பது தெரிந்தது. முதலில் செத்தவரைக் கூப்பிடுவது, பிறகு அவர் பெருமை, பிறகு தன் கதி. அதில் ஏழாவதை நானே கண்டுபிடித்தேன். செத்தவர் பார்க்கக் கொடுத்துவைக்காத ஒரு நல்ல நாளைச் சொல்லி அழுவது. அது ஒரு காலிக் கட்டம். வெள்ளாமை வீடு வருவது, மகள் கல்யாணம், பேரன் காதுகுத்து, கோர்ட்டுத் தீர்ப்பு, எது தோதுப்படுகிறதோ அதைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம். பாடுகிறவளுடைய சொந்த ஆசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கட்டம் கேட்கிறது, அவள் போடுகிறாள் என்று எழுதினேன். சுப்பராமன் சார் அதைப் படித்துவிட்டு எழுந்து நின்று கைகொடுத்தார். கேண்டீனுக்குக் கூட்டிப்போய்த் தோசை வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் அய்யா செத்தார். அம்மா கூறு எண் ஏழில் என்னைப் போட்டாள்.

அதற்குப் பிறகு அந்த இயலில் ஒரு வரி எழுத முடியவில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்தது. நீட்டிப்பும் முடிந்தது. என்னோடு சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கி, கல்யாணம் செய்து, தொந்தி போட்டார்கள். ஊரில் இறங்கினால் டீக்கடைக்காரரிலிருந்து எல்லாரும் வாங்க டாக்டரு என்பார்கள். மாட்டுக்குக் கழிச்சல், என்ன கொடுக்கலாம் என்று உண்மையாகவே கேட்டவரும் உண்டு. ஆராய்ச்சி எனக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் திருமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். மாசக் கடைசிக்குள் சேர வேண்டும். சேர்ந்தால் ஆராய்ச்சிக்கு முழுக்குப் போட்டுவிட வேண்டியதுதான். பையன்களுக்கு இலக்கணம் நடத்தலாம், சாயங்காலம் வீடு திரும்பலாம் என்று நினைத்தாலே எனக்கு மூச்சு இலகுவாக வந்தது. உடனே அந்த வரி வந்து குறுக்கே நிற்கும். பாக்காமப் போனீகளே.

அது வெறும் கட்டம் என்றால் எனக்கு விடுதலை. நானே எழுதியபடி, அதில் அம்மாவின் ஆசை எதுவுமில்லை, வேலைக்குப் போகலாம். அம்மா மனதிலிருந்து சொன்னது என்றால், செத்தவர் காதில் அவள் கொடுத்த வாக்கை நான் உடைக்க முடியாது. அப்போது என் கண்டுபிடிப்பு பொய். கண்டுபிடிப்பு பொய்யென்றால் பட்டம் கிடைக்காது. ஆனால் பட்டம் வாங்கியே ஆக வேண்டும். இப்படி நானே எனக்கு வெட்டிய குழியில், அளவு சரியாக இருக்கிறதா என்று படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவைக் கேட்டால் தீர்ந்தது என்று தோன்றும். கேட்க முடியாது. இழவு வீட்டில் பொம்பளை சொல்லி அழுததைப் பிறகு யாரும் எடுத்துக் கேட்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொழுந்தனைத் திட்டுவாள், மாமியாரை இழுப்பாள், கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். பந்தலோடு அது போச்சு.

ஆகவே சுப்பராமன் சாரைக் கேட்டேன். பேரைச் சொல்லாமல், ஒரு ப-14 இருக்கிறாள், அவள் மகன் இருக்கிறான் என்று சுற்றி வளைத்தேன். அந்த வரியில் வருகிற மகன் கட்டத்தை நிரப்ப வந்தவனா, அவள் மகனேதானா?

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க எப்படிப் பார்க்கறேள், காசிமாயன்?”

தெரியவில்லை, அதனால்தான் கேட்கிறேன் என்றேன்.

“ரெண்டுமே நிக்கும். எது சரின்னு தீர்ப்பு சொல்றது நம்ம வேலை இல்லையே. பிரதி திறந்துண்டே இருக்கணும்.”

பிரதி திறந்திருந்தது. எனக்குத்தான் எல்லாக் கதவும் மூடியிருந்தது. ஒரு தடவை அவரே கேசட்டைக் கேட்டுவிட்டுச் சொன்னால் தேவலை என்று, திருநகரில் அவர் வீட்டுக்குப் பொட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் வீட்டு மாமி காப்பி கொடுத்தார்கள். பொட்டியைத் திறந்ததும் சார் கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கையான உறவு கிடையாது, எல்லாம் நாம் ஏற்றுவதுதான் என்று எனக்குப் பாடம் சொன்னவர் அவர். “ஆத்துல இது வேண்டாமே,” என்றார். அவர் கூச்சப்பட்டதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பரவாயில்லை சார் என்று மூடினேன்.

துறையில் போட முடியாது. பக்கத்து அறையில் வகுப்பு. விடுதியில் பரீட்சை நேரம். சோணை அண்ணன் வீட்டில் தடை. ஒப்பாரி கேட்க மதுரையில் எனக்கு இடமில்லாமல் போயிற்று. யோசித்துப் பார்த்தால் ஒரே இடம்தான் பாக்கி. செல்லூரிலிருந்து நடக்கிற தூரத்தில் தத்தனேரி சுடுகாடு. அங்கே யாரும் அபசகுனம் என்று சொல்ல மாட்டார்கள்.

மத்தியான வேளைகளில் அங்கே ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, ஒலியைக் குறைத்துவைத்துக் கேட்கத் தொடங்கினேன். அந்த வரி வந்ததும் நிறுத்துவேன். பின்னால் சுற்றுவேன். மறுபடி கேட்பேன். குரல் எங்கே உடைகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது, ‘மகன்’ என்கிற இடத்தில் அழுத்தம் இருக்கிறதா என்றெல்லாம். டாக்டருக்குப் படிக்கிறவன் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கிற மாதிரிதான்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஒரு பிணம் வந்தது. கூட வந்தவர்கள் இரண்டே பேர். மகனும் மருமகனும் என்று பேச்சில் தெரிந்தது. வெளியூர்க்காரர்கள். கொட்டு இல்லை, கூட்டம் இல்லை, அழுவதற்குப் பெண்கள் இல்லை. பெண்கள் சுடுகாட்டுக்கு வருகிற வழக்கமும் இல்லை. விறகு அடுக்குகிற வரைக்கும் மகன் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைவிடச் சின்னவன், சட்டையில் மில் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் அவசரமாக நிறுத்தப் போனேன்.

அவன் கிட்டே வந்து, “அண்ணே, அதை நிப்பாட்டாதீக. கொஞ்சம் சத்தமா வைங்க,” என்றான்.

வைத்தேன். என் அம்மா முகமறியாத ஒரு மனிதருக்காக அழுதாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டான். பட்டம் வாங்கும் மகனிருக்க என்று வந்தபோது அவன் தோள் குலுங்கியது. அவன் எட்டாவதைத் தாண்டாதவன் என்று பிறகு சொன்னான். எங்கப்பாவுக்குன்னே சொன்ன மாதிரி இருக்குண்ணே என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான்.

என் கண்டுபிடிப்பு நிரூபணமாகிவிட்டது. எவன் வேண்டுமானாலும் அந்தக் கட்டத்தில் நிற்கலாம். கைகொடுக்க சுப்பராமன் சார்தான் பக்கத்தில் இல்லை. எனக்கு அப்போது அழுகை வந்தது, அய்யாவின் சாவுக்கு வராத அழுகை. வரி எவனுக்கும் பொருந்தும் என்றால் அது என்னுடையது இல்லை. விடுதலை வேண்டும் என்றுதானே இத்தனை நாள் தவித்தேன். கைக்கு வந்ததும் அய்யாவை மறுபடியும் பறிகொடுத்த மாதிரி இருந்தது. இனி வழக்கமாவது மண்ணாவது, கேட்டுவிடுவோம் என்று மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

அம்மா கொல்லைக் காட்டில் கடலைச் செடியைக் குவித்துப் போட்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து ஆய்ந்தேன். என் கை ஓடுகிற லட்சணத்தைப் பார்த்துவிட்டு, மதுரையில் இதையும் மறக்கச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று கேட்டாள். அய்யா சாவன்னைக்கு நீ சொல்லி அழுதது ஒன்று கேட்கணும் என்றேன்.

“எழவு வீட்டுப் பேச்ச எதுக்கு இப்ப எடுக்குற?”

கேட்டே ஆகணும் என்றேன். பையிலிருந்து பொட்டியை எடுத்தேன். வீட்டில் என்றால் தூக்கி எறிந்திருப்பாள். காடு என்பதால் விட்டாள். அந்த வரிக்குக் கொஞ்சம் முன்னால் வரை டேப்பைச் சுற்றிவிட்டுப் போட்டேன். அம்மா காயைப் பிடித்த கையோடு கேட்டாள். தன் குரலை அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

“இது யாரு, தொண்ட கட்டுன மாதிரி?”

“நீதாம்மா.”

“நான் இம்புட்டு மோசமாவா அழுதேன்,” என்று கொஞ்ச நேரம் அதற்கே வருத்தப்பட்டாள். பிறகு அந்த வரி வந்தது. நிறுத்தினேன். இதை நீ ஏன் சொன்னாய் என்று கேட்டேன். நான் பட்டம் வாங்கணும்னு நினைத்துச் சொன்னாயா, இல்லை அழும்போது எல்லாரும் சொல்கிற மாதிரி வாயில் வந்ததா?

அம்மா செடியை உதறினாள். மண் என் மேல் விழுந்தது.

“ரெண்டும் இல்ல. உங்கத்தை அழகம்மா என் எதுத்தாப்ல உக்காந்திருந்தா. அந்த வருச ஆவணியிலதான் அவ மகன் வெள்ளைத்துரைக்கு கவர்மெண்டு பஸ்ஸுல கண்டக்டர் வேலை கெடச்சிருக்கு. எழவுக்கு வந்தவ, பக்கத்துல இருந்தவகிட்ட, எம் மகன் விசில் ஊதுனாத்தான் பஸ்ஸே நகலுதுன்னு பேசிக்கிட்டிருக்கா. எனக்கு வயிறு எரியுது. ஒங்ககூடப் பொறந்தவ பேசுறதப் பாத்தீகளா, எம் மகன் டாக்டருக்குப் படிக்கிறான்னு ஒங்கய்யாகிட்டச் சொன்னேன். அவ காதுல விழணும்னுதான் சொன்னேன். விழுந்துச்சு. அப்பறம் அவ வாயத் தெறக்கல.”

அமைப்பியலில் இதற்கு ஒரு கூறு கிடையாது. எட்டாவதாக நாத்தனார் என்று ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

“அப்ப அது எனக்குச் சொன்னது இல்லையா?”

“ஒனக்கு ஒப்பாரி வைக்க நீ என்ன…” என்று ஆரம்பித்தவள், சொல்லக் கூடாததை அப்படியே விழுங்கி, தரையில் தூதூவென்று துப்பினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். வெகு நாளாக நான் அங்கே எதையோ மறைத்து வைத்திருந்தது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். “இதுக்குத்தான் இம்புட்டு நாளா மெலிஞ்சு போயித் திரிஞ்சியா?”

திருமங்கலம் வேலையைப் பற்றிச் சொன்னேன். ஆராய்ச்சி எனக்கு வரவில்லை என்றும் சொன்னேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு, வழக்கம்போல ஒரு வேடிக்கைப் பேச்சுப் பேசி மழுப்பப் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை.

“நான் படிப்ப விட்டுட்டு வேலைக்குப் போகவாம்மா?”

“ஒங்கய்யாவுக்கு ஒன்னய டாக்டரா பாக்கணும்னு ஆசை இருந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். அவரு போயிட்டாரு. எனக்கு அந்த ஆசை இல்ல. போ.”